‘இல்லை’ எனும் விடை: இணையவழித் தமிழ் நூலங்காடிகளின் தேடற்சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழித் தமிழ் நூலங்காடியில் ஒரு நூல் இருப்பில் இருந்தும் தேடுவோருக்கு அது கிடைக்காமற் போவதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அங்காடியின் உள்தேடலில் நூல் அகப்படாமையும், கூகுள் முதலிய பொதுத் தேடுபொறிகளில் நூற்பக்கம் தோன்றாமையும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் காரணத்தால் வேறானவை. முன்னதில் தமிழின் எழுத்துக் குறியேற்றமும் புணர்ச்சியும் பெரும்பங்கு வகிக்கின்றன. பின்னதில் முகவரி அமைப்பும் தள நிருவாகமும் பங்கு வகிக்கின்றன. சிக்கலைக் கண்டறியும் சோதனைகளும் களையும் வழிகளும் தமிழ் இலக்கண நோக்கில் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, உள்தேடல், இயல்பாக்கம், புணர்ச்சி, சொல்லடைவு, தேடுபொறி, நூலங்காடி.

முன்னுரை

அச்சு நூல்களை விற்கும் கடையில் வாசகர் நூலின் பெயரைச் சற்றுப் பிறழச் சொன்னாலும் கடைக்காரர் புரிந்துகொள்வார். ‘இளம்பூரணர் உரை இருக்கிறதா’ என்று கேட்பவரிடம் ‘இளம்பூரணம்’ என்று முகப்பில் அச்சிட்ட தொல்காப்பியப் பதிப்பை எடுத்துக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இராது. இணைய அங்காடியின் தேடற்பெட்டிக்கு அத்தகைய மொழியறிவு இயல்பாக இல்லை. அது குறியெண்களை ஒப்பிடுகிறது. ஒப்பவில்லையெனில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று விடையளிக்கிறது.

இவ்விடையின் விளைவு விற்பனை இழப்போடு நிற்பதில்லை. சில நூறு படிகளே அச்சாகும் ஆய்வு நூல்களும் பழம்பதிப்புகளின் மறுஅச்சுகளும் இன்று பெரும்பாலும் இணையவழியாகவே வெளியூர் வாசகரைச் சென்றடைகின்றன. ஆய்வாளர் ஒருவர் தம் பொருண்மையில் முன்னர் வெளிவந்த நூல்களைத் தொகுக்கும்போது, அங்காடியின் ‘இல்லை’ என்னும் விடையை ‘இப்பொருளில் நூல் வரவில்லை’ என்று கொள்ள இடமுண்டு. தேடற்பெட்டியின் பிழை ஆய்வு முன்னோடிகள் பற்றிய இயலின் பிழையாக மாறிவிடுகிறது. நூலகப் பட்டியல்கள், மின்னூல் தொகுப்புகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்; எனினும் அங்காடிகளில் தரவு பல பதிப்பகங்களிலிருந்து பலவகையாக வந்து சேர்வதால் சிக்கல் அங்கே மிகுதி.

நோய் நாடுதல்

பழுதுபார்ப்போர் பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு, காரணம் அறியுமுன் தேடுபொறி நிரலையே மாற்றுவதாகும். அதற்கு முன்னர் எளிய சோதனை ஒன்று உள்ளது. இருப்பில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து, அதன் தலைப்பைப் படியெடுத்துத் தேடற்பெட்டியில் ஒட்டித் தேட வேண்டும். பின்னர் அதே தலைப்பை விசைப்பலகையால் தட்டச்சிட்டுத் தேட வேண்டும். ஒட்டித் தேடும்போது கிடைத்துத் தட்டச்சிடும்போது கிடைக்காவிடின் குறியேற்ற வேறுபாடே காரணம். இரண்டிலும் கிடைக்காவிடின் அத்தலைப்பு தேடற்சொல்லடைவில் ஏறவே இல்லை, அல்லது சொற்பிரிப்பு பிழையாக நடைபெறுகிறது. தலைப்பால் கிடைத்து ஆசிரியர் பெயரால் கிடைக்காவிடின் அப்புலம் தேடப்படுவதில்லை என்று பொருள்.

மூன்றாவது நிலை மிகப் பரவலானது. வேர்ட்பிரஸ் மென்பொருளின் இயல்பான தேடல், தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் ஆகிய மூன்று புலங்களை மட்டுமே நோக்குகிறது. அதன்மேல் அமைந்த அங்காடிகளில் நூலாசிரியர், பதிப்பாசிரியர், உரையாசிரியர், பதிப்பகம் ஆகியவை தனிப் பண்புக்கூறுகளாகப் பதியப்பட்டிருப்பின், நூற்பக்கத்தில் அவை பளிச்செனத் தெரிந்தாலும் தேடலுக்குத் தெரிவதில்லை. தரவை ஒழுங்காகப் பிரித்துப் பதிந்த அங்காடியே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவது முரணானது.

ஒரே வடிவம், வேறு குறிகள்

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தை அடியொற்றிய அவ்வமைப்பில் உயிர்மெய்க்குத் தனிக்குறியெண் இல்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதற்குப் பின்னர் வழங்கிய டிஸ்கி, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான டாம், டாப் ஆகியவை வேறு அடிப்படையில் அமைந்தவை. பதிப்பகங்களின் பக்க வடிவமைப்புக் கோப்புகளில் எழுத்துரு சார்ந்த குறியேற்றங்கள் இன்றும் உள்ளன. அக்கோப்பிலிருந்து நூற்குறிப்பை அப்படியே அங்காடியில் ஒட்டினால், உரிய எழுத்துரு இல்லாத இடத்தில் அது பொருளற்ற ரோமன் எழுத்துத் தொடராகவே நிற்கும். தேடுபொறி காண்பதும் அத்தொடரையே.

இது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலால் எளிதில் திருத்தப்படும். கண்ணுக்குத் தெரியாதவையே தொல்லை தருவன. ‘தொல்காப்பியம்’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை 3018 என்னும் ஒற்றைக் குறியெண்ணாலும் எழுதலாம். 3014, 3006 என்னும் எகரக் குறி, கால் ஆகியவற்றைச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறி நெறி வரையறுக்கிறது. ஆயினும் நிகரென அறிந்து ஒப்பிடுவது நிரலின் பொறுப்பு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘லைக்’ கட்டளை குறி குறியாக ஒப்பிடுவதால், சமன்குறியால் ஒப்பிடும்போது கிடைக்கும் முடிவு அங்குக் கிடைக்காமற் போகலாம். தரவையும் தேடுசொல்லையும் ‘என்எஃப்சி’ எனப்படும் இயல்பாக்கத்திற்கு உட்படுத்தினால் இவ்வகை வேறுபாடு முற்றிலும் நீங்கும்.

ஔகாரக் குறிக்கு இம்மருந்து போதாது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ (1940) என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். இதன் முதலெழுத்தைப் பலர் எகரக் குறியிட்ட பகரத்துடன் ளகர எழுத்தைச் சேர்த்துப் ‘பெளத்தமும்’ என்று தட்டச்சிடுகின்றனர். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் வடிவில் ஒன்றாதலால் திரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரெனக் கொள்வதில்லை, கொள்ளவும் இயலாது. ஏனெனில் ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ ஆகியவற்றில் வருவது உண்மையான ளகரமே.

இங்கு எழுத்திலக்கணமே வழிகாட்டுகிறது. ஔகாரத்திற்காகத் தவறாக இடப்பட்ட ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ ஏற வாய்ப்பில்லை. எகரக் குறியை அடுத்த ளகரம் புள்ளியோ உயிர்க்குறியோ பெற்றிருப்பின் அது ளகரம். வெறுமனே நின்றால் பெரும்பாலும் ஔகாரத்தின் பகுதி. ‘மெளனம்’, ‘கெளரவம்’, ‘வெளவால்’ ஆகியன இவ்விதியால் திருந்துகின்றன; ‘தெளிவு’ கெடுவதில்லை. ‘மெள்ள’ என்பதன் பேச்சுத் திரிபான ‘மெள’ போன்ற அருகிய வழக்குகளே விலக்காகும்.

ரகரத்திலும் இதை ஒத்த மயக்கம் உண்டு. பழைய எழுத்துருக்களில் ரகர மெய்யைக் காலின்மேல் புள்ளியிட்டு அமைக்கும் வழக்கம் இருந்தது. அக்குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட உரைகளில் ‘ர்’ என்பது 2992 என்னும் ரகரத்தால் அன்றி 3006 என்னும் கால் குறியால் தொடங்குகிறது. கால் குறியை அடுத்துப் புள்ளி வருதல் தமிழில் இயலாததால் அவ்வாறு வருமிடமெல்லாம் ரகரம் என மாற்றுவதில் ஐயத்திற்கு இடமில்லை. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தும் இருவகையாகப் பதியப்படுகிறது. 2005இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின்னர் அதனை முதலாகக் கொண்ட வடிவும், முன்னிருந்த ‘ஸ’ முதலான வடிவும் ஒரே தோற்றத்தில் வழங்குகின்றன. வைணவ, சைவ நூல்களை விற்கும் அங்காடிகளில் இது சிறிய செய்தியன்று. பூச்சிய அகல இணைப்புநீக்கி போன்ற காணாக்குறிகளும், தமிழ் எண் ‘௧’, ககரம் ஆகியவற்றின் மயக்கமும் ஆங்காங்கே தலைகாட்டும்.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இப்பட்டியலில் இடம்பெறாமை குறிப்பிடத்தக்கது. பழைய ‘லை’, ‘ணை’, ‘றா’ வடிவங்களும் புதியனவும் ஒருங்குறியில் ஒரே குறியெண்களைப் பெறுவதால் வேறுபாடு எழுத்துருவோடு முடிந்துவிடுகிறது. வரிவடிவத்தை அன்றி எழுத்தைக் குறியேற்றியதன் பயன் இது.

சொல்லின் எல்லை

சொற்களைப் பிரித்தறியும் நிரற்பகுதி உயிர்க்குறிகளைச் சொல்லின் பகுதியாகக் கருதாவிடின் நேர்வது விந்தையானது. பைத்தான் மொழியில் இயல்பாக உள்ள ஒழுங்குத்தொடர் நூலகத்தின் ‘சொல்லெழுத்து’ என்னும் வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை. அதனைக் கொண்டு ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பிரித்தால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகள் கிடைக்கும். ‘புத்தகம்’ என்பது ‘ப’, ‘த’, ‘தகம’ என மூன்றாகும். இத்துண்டுகளைக் கொண்டு அமைந்த சொல்லடைவு முற்றிலும் செயலற்றுப் போவதில்லை. தேடுசொல்லும் அவ்வாறே துண்டாக்கப்படுவதால் தற்செயலாகச் சில விடைகள் கிடைக்கும். பிழை நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஒருங்குறியின் சொல்லெல்லை நெறியைப் பின்பற்றும் லூசின் நூலகத்தின் பொதுச் சொற்பிரிப்பியில் இக்குறை இல்லை.

புணர்ச்சி

குறியேற்றம் சீரான பின்னரும் எஞ்சுவது மொழியின் இயல்பு. ‘புத்தகம்’ என்று தேடுவோர்க்குப் ‘புத்தகங்கள்’, ‘புத்தகத்தின்’, ‘புத்தகக்’ என்னும் வடிவங்கள் கிடைப்பதில்லை. மகர ஈறு மூன்றிலும் திரிந்துள்ளது. ‘நூல்’ என்று தேடுவோர்க்கு ‘நூற்பட்டியல்’ கிடைப்பதில்லை. ஈறுகளை நீக்கி அடிச்சொல்லை நெருங்கும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கான நிரலும் உண்டு. 2019இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. பன்மை, வேற்றுமை உருபுகள் ஆகியவற்றுக்கு அது பெரிதும் துணைசெய்யும். கூட்டுச்சொற்களைப் பிரிப்பது அதன் பணியன்று.

வல்லினம் மிகுதல் எளிதாகத் தீரக்கூடியது. ‘தமிழ்ப் பண்பாடு’ என்பதில் முதற்சொல் ‘தமிழ்ப்’ எனப் பதிவாகிறது. ஒரு சொல் க், ச், த், ப் ஆகியவற்றுள் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே மெய்யின் உயிர்மெய்யால் தொடங்கினால் இறுதி மெய்யை நீக்கலாம். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடியாமையால் இவ்விதி பெரிதும் பிழைபடாது. ஆனால் ‘கிளாசிக் கதைகள்’ என்னும் தலைப்பில் ‘கிளாசி’ என்னும் குறைச்சொல் பிறந்துவிடும். தனியே ‘கிளாசிக்’ என்று தேடுவோர்க்கு அந்நூல் மறைந்துபோகும். ஆகவே நீக்கிய வடிவத்துடன் நீக்காத வடிவத்தையும் சொல்லடைவில் வைத்தல் வேண்டும்.

உயிர்முதற் சொற்களின் புணர்ச்சியே கடினமானது. பழம்பதிப்புகளின் முகப்பில் ‘அரும்பதவுரை’, ‘அடியார்க்குநல்லாருரை’ எனச் சேர்த்து எழுதுதல் பெருவழக்கு. ‘உரை’ என்று தேடினால் இவை கிடைப்பதில்லை. சொல்லின் இடையில் உள்ள பகுதியையும் தேடும் முறையைக் கையாண்டாலும் கிடைப்பதில்லை. காரணம், தனித்த ‘உ’ ஒரு குறியெண். ‘ரு’, ‘வு’ ஆகியவற்றில் ஏறிநிற்கும் உகரக் குறி வேறொரு குறியெண். மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் என்னும் இலக்கணச் செய்தி கணிப்பொறிக்குச் சொல்லப்படவில்லை.

உயிர்மெய் ஒவ்வொன்றையும் மெய்யாகவும் உயிராகவும் பிரித்து ஒலியன் தொடராகச் சொல்லடைவை அமைத்தால் இத்தடை நீங்கும். ‘அரும்பதவுரை’ என்பதன் இறுதி ‘வ், உ, ர், ஐ’ என விரிகிறது. உடம்படுமெய் கழிய ‘உரை’ வெளிப்படுகிறது. ‘நல்லாருரை’யும் அவ்வாறே. எனினும் இதற்கு விலையுண்டு: ‘மதுரை’ என்பதன் இறுதியிலும் ‘உ, ர், ஐ’ என்னும் தொடர் உள்ளது. உரை நூல்களைத் தேடுவோர் முன் மதுரை பற்றிய நூல்களெல்லாம் வந்து நிற்கும். மீட்சி பெருகத் துல்லியம் குறைகிறது. தனிச்சொல்லாகப் பொருந்துவனவற்றை முதலிலும், சேர்ந்த வடிவில் பொருந்துவனவற்றை அவற்றின் பின்னும் வரிசைப்படுத்துவதே இங்கு இயன்ற தீர்வு. ஒலியன் அடைவைத் தனியாக வைத்து, முதல் அடைவில் விடை குறையும்போது மட்டும் அதனை நாடுவது இன்னும் நன்று.

அண்மைப் பொருத்தம் எனும் குறுக்குவழி

மேற்கண்டவற்றையெல்லாம் விடுத்து, எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் அண்மைப் பொருத்தத் தேடலை இயக்கிவிடுவது பலரும் நாடும் குறுக்குவழி. எலாஸ்டிக்சர்ச் மென்பொருளின் தானியங்கு அமைப்பில் மூன்று முதல் ஐந்து குறிகள் கொண்ட சொல்லுக்கு ஒரு மாற்றமும், அதனின் மிக்கவற்றுக்கு இரு மாற்றங்களும் ஏற்கப்படும். ‘அறம்’ என்பது நான்கு குறிகள் கொண்டது. ஒரு மாற்றத்தில் அது ‘அறன்’ ஆகலாம். அது வேண்டத்தக்க போலி. அதே ஒரு மாற்றத்தில் ‘அரம்’, ‘மறம்’, ‘அகம்’ ஆகியவையும் வந்து சேர்கின்றன. அறத்தைத் தேடியவர்க்கு அகத்தைக் காட்டும் அங்காடியைத் தமிழ் வாசகர் நகைப்போடுதான் நோக்குவர். குறியெண் தொலைவு என்பது மொழித் தொலைவு அன்று. னகர ணகர, லகர ளகர ழகர, ரகர றகர மயக்கங்களை மட்டும் ஏற்று, ஏனைய மாற்றங்களை மறுக்கும் தனி விதித்தொகுப்பு இதனினும் எளிது, பயனும் மிகுதி.

பெயர்கள்

ஆசிரியர் பெயர்களுக்கு விதிகள் உதவா. உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர் ஆகிய அனைத்தும் ஒருவரையே சுட்டும் என்பதை எந்த நிரலும் தானே அறியாது. நூலகவியலார் நெடுங்காலமாகப் பேணிவரும் பெயர் ஒப்பாணைக் கோப்பே இங்கு வேண்டுவது: ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் அடையாள எண், அதன்கீழ் வழங்கும் வடிவங்கள் அனைத்தும், ரோமன் எழுத்தில் வாசகர் தட்டச்சிடும் வடிவங்கள் உட்பட. ழகரம் ஒன்றே ரோமன் எழுத்தில் மூவகையாக எழுதப்படுவதால், ஐஎஸ்ஓ 15919 போன்ற அறிஞர் நெறியை மட்டும் நம்புதல் பயனற்றது. ‘சேனாவரையர்’, ‘சேனாவரையம்’, ‘நச்சினார்க்கினியர்’, ‘நச்சினார்க்கினியம்’ என்னும் உரையாசிரியர், உரைப் பெயர் இணைகளும் இக்கோப்பில் இடம்பெற வேண்டும். பன்னாட்டுத் தரப் புத்தக எண் கொண்டு தேடுவோர்க்கு இடைக்கோடு நீக்கிய வடிவமும், 2007க்கு முற்பட்ட பத்து இலக்க எண்ணும் பதின்மூன்று இலக்க எண்ணோடு இணைக்கப்பட வேண்டும்.

பொதுத் தேடுபொறியில் தோன்றாமை

கூகுளில் ஒரு பக்கம் தோன்றுவதற்கு முன் அதன் தானியங்கி நிரல் அப்பக்கத்தைக் காணவேண்டும். பின் அடைவில் ஏற்றவேண்டும். அதன் பின்னரே தரவரிசை. எந்நிலையில் தடை என்பதைக் கூகுளின் தேடல் பணியகத்தில் உள்ள முகவரி ஆய்வுக் கருவி தனித்தனியே காட்டும். தளப்பெயரை முன்னொட்டாக இட்டுத் தேடிக் கிடைக்கும் பட்டியல் முழுமையானது அன்று. அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது.

தளம் உருவாகும் காலத்தில் இட்ட ‘அடைவில் ஏற்றற்க’ என்னும் ஆணை வெளியீட்டுக்குப் பின்னும் நீக்கப்படாதிருத்தல் அடிக்கடி காணப்படும் காரணம். இதனோடு தொடர்புடைய மயக்கம் ஒன்றுண்டு. ரோபோட்ஸ் கோப்பின் தடை, நிரல் பக்கத்தைப் படிப்பதைத் தடுக்குமேயன்றி முகவரி அடைவில் ஏறுவதைத் தடுக்காது. அக்கோப்பால் மறிக்கப்பட்ட பக்கத்தினுள் ‘ஏற்றற்க’ என எழுதியிருந்தால் அவ்வாணை படிக்கப்படுவதே இல்லை. மொழியைக் குறிக்கும் நிரற்பண்பைச் சேர்த்தால் தமிழ்ப் பக்கமெனக் கூகுள் அறியும் என்பதும் பிழை. அது பக்கத்தில் காணும் உரையைக் கொண்டே மொழியை உணர்கிறது. தலைப்பு அட்டைப்படத்தில் மட்டும் தமிழாகவும் உரையில் ரோமனாகவும் இருக்கும் பக்கங்கள் தமிழ்த் தேடலில் பின்தங்குவது இதனாலேயே.

முகவரியின் நீளம் தமிழுக்கே உரிய இடர். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். முகவரியில் விழுக்காட்டுக் குறியேற்றமாக மாறும்போது ஒவ்வொன்றும் 9 எழுத்துகளாகும். ஐந்தெழுத்துச் சொல்லான ‘புத்தகம்’ எட்டுக் குறியெண்கள் கொண்டு 72 எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸில் முகவரித் தொடருக்கு 200 எழுத்துகளே எல்லை; 22 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடமில்லை. ‘சிலப்பதிகார மூலமும் அடியார்க்குநல்லார் உரையும்’ என்னும் தலைப்பு ‘சிலப்பதிகார-மூலமும்-அடிய’ என்பதோடு அறுந்துவிடும். அதே தொடக்கமுடைய வேறு பதிப்பு வந்தால் அதன் இறுதியில் ஓர் எண் ஒட்டப்படும். முகவரி அறுவதால் மட்டும் அடைவேற்றம் தடைபடாது. எனினும் எப்பதிப்பு எது என்று முகவரியால் அறிய வழியில்லாமற் போவதோடு, நூற்குறிப்பும் சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருப்பின் கூகுள் ஒன்றை மட்டும் முதன்மையாகக் கொண்டு ஏனையவற்றை மறைத்துவிடவும் கூடும். பதிப்பாண்டு, பதிப்பாசிரியர், பக்க எண்ணிக்கை, முன்னுரையின் தன்மை ஆகியவற்றைப் பக்கந்தோறும் வேறாக எழுதுவதே மருந்து. பதிப்பு வேறுபாடு ஆய்வாளர்க்கு உயிர்நாடியாதலால் இவ்வுழைப்பு வீணன்று.

விற்றுத் தீர்ந்த நூலின் பக்கத்தை நீக்கிவிடுவது மற்றொரு வழக்கம். அதுவரை அப்பக்கம் பெற்ற இணைப்புகள் யாவும் 404 பிழையில் முடிகின்றன. ‘இருப்பில் இல்லை’ என்னும் குறிப்போடு பக்கத்தை விட்டுவைத்தால், நூல் வெளிவந்தது என்னும் செய்தியாவது நிலைக்கும். மறுஅச்சு வரும்போது அதே முகவரி பயன்படும்.

தேடற்பதிவேடு

பழுதுநீக்கம் எங்குத் தொடங்க வேண்டும் என்பதை விடையின்றி முடிந்த தேடல்களின் பதிவேடே கூறும். வாசகர் தட்டச்சிட்ட சொல்லைக் குறியெண்களாக விரித்துப் பார்த்தால், ஔகார மயக்கத்தால் தோற்றவை, புணர்ச்சியால் தோற்றவை, பெயர் வடிவத்தால் தோற்றவை, உண்மையிலேயே இருப்பில் இல்லாதவை எனப் பிரிந்துவிடும். வாசகரை அடையாளங்காட்டும் செய்திகளை நீக்கிய பின்னரே இப்பதிவேட்டைக் கையாளுதல் முறை.

இயல்பாக்க விதிகளைத் தேடுசொல்லுக்கு மட்டும் பொருத்தித் தரவுக்குப் பொருத்தாமல் விட்டால், முன்பு கிடைத்தவையும் கிடைக்காமற் போகும். விதி மாறும்போதெல்லாம் சொல்லடைவு முழுவதும் புதிதாக ஆக்கப்பட வேண்டும். அதே நேரத்தில் பதிப்பாளர் தந்த தலைப்பின் மூல வடிவம் காட்சிக்கென மாற்றமின்றித் தனிப்புலத்தில் இருத்தல் இன்றியமையாதது. ‘அடியார்க்குநல்லாருரையும்’ எனப் பதிப்பாசிரியர் சேர்த்து எழுதியதைத் தேடலின் வசதிக்காகப் பிரித்து அச்சிட்டுக் காட்டும் உரிமை அங்காடிக்கு இல்லை. நூற்பட்டி தொகுப்போர் மேற்கோள் காட்டுவது காட்சிப் புலத்தில் உள்ள வடிவத்தையே.